கழற்றாத மாலை

"இன்னொரு வாட்டி என்னை அம்மான்னு கூப்டு, அப்பறம் தெரியும் சேதி."

"சாமி சரணம். கோவப்படாதீங்கம்மா."

"பாரு, மறுபடியும். யாருய்யா ஒனக்கு அம்மா? ஒங்கம்மா செத்துப் பதிமூணு வருசமாச்சு. நான் ஒம் பொண்டாட்டி. பேரு கனகவல்லி. ரேஷன் கார்டுல கூட அப்டித்தான் எழுதிகீது. வேணும்னா போய்ப் படி."

"மாலை போட்டா எல்லாப் பொம்பளையும் அம்மாதாம்மா."

"எப்பப் போட்ட மாலை? கார்த்திகையில போட்டது. ஜோதி முடிஞ்சுது, பொங்கல் முடிஞ்சுது, பங்குனி உத்திரமும் முடிஞ்சுது. மார்க்கெட்ல மாங்கா வந்துடுச்சு. இன்னும் கழுத்துல தொங்கிகினு இருந்தா இன்னாய்யா அர்த்தம்? கழட்டு."

"சரணம்."

"கழட்டுன்றேன்ல."

இந்தச் சண்டை நடந்தது எண்பத்தொன்பதாம் வருஷம் சித்திரையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் எங்கள் தெருவில், அடிபம்புக்கு முன்னால். அடிபம்பு என்றால் வரிசை இருக்கும். வரிசை இருந்தால் கூட்டம் இருக்கும். ஆகையால் நாங்கள் யாரும் வேடிக்கை பார்க்கவென்று வரவில்லை. குடம் நிரம்பிய பிறகும் நின்றோம், அவ்வளவுதான்.

கனகவல்லி கத்திக்கொண்டிருந்தது அவள் புருஷன் பொன்னுரங்கத்தைப் பார்த்து. வெயிலில் வெளுத்துப் பழுப்பாகிப்போன கறுப்பு வேட்டி, மார்பு வரை தாடி, நெற்றியில் சந்தனம், கழுத்தில் துளசி மணி மாலை, காலில் செருப்பு கிடையாது. தனக்கென்று தனிக் குடம் வைத்துக்கொண்டு, யாரும் அதைத் தொட்டுவிடாதபடி ஓரமாக நின்றுகொண்டிருந்தார். ஐப்பசி கடைசி வரை அந்த மனிதரை எங்கள் தெருவில் யாரும் 'ர்' போட்டுப் பேசியதில்லை. "பொன்னு வந்துட்டானா", "பொன்னு எங்க விழுந்து கெடக்கறான்" என்றுதான் பேச்சு. இப்போது பால்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரை எல்லோருக்கும் அவர் சாமி. நானும் எழுதும்போது மரியாதையாகவே எழுதிவிடுகிறேன். பழக்கமாகிவிட்டது.

குரோம்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிற டர்னர் அவர். கை வேலையில் கெட்டிக்காரர் என்று பட்டறை முதலாளியே சொல்லியிருக்கிறார். கனகவல்லிக்கு சானடோரியம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் காலர் தைக்கிற வேலை. கல்யாணமாகிப் பத்து வருஷம், குழந்தை இல்லை. இரண்டு சம்பளம், இரண்டு பேர். நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி, சப்வே தாண்டி, எங்கள் பஸ் நிற்கும் இடத்துக்கு வருவதற்குள் ஒரு ஒயின் ஷாப் இருந்தது. அதைத் தாண்ட அவரால் முடியவில்லை.

அடிக்கிற குடிகாரர் இல்லை அவர், அழுகிற குடிகாரர். வீட்டு வாசல் வரை வந்துவிட்டு உள்ளே போகத் தைரியமில்லாமல் எதிரே இருக்கிற கரண்ட் கம்பத்தைக் கட்டிக்கொண்டு, "கனகு, மன்னிச்சிக்கோ கனகு, நாளையிலிருந்து தொட மாட்டேன்" என்று அழுவார். கனகவல்லியைவிட அந்தக் கம்பத்திடம்தான் அதிகம் மன்னிப்புக் கேட்டிருப்பார். அவள் வந்து கையைப் பிரித்து உள்ளே கூட்டிக்கொண்டு போவாள். மறுநாள் காலையில் அவருக்கு ஒன்றும் நினைவிருக்காது. அவளுக்கும் எங்களுக்கும்தான் இருக்கும்.

கார்த்திகை ஒன்றாம் தேதி மட்டும் வேறு. அன்று காலை குளித்து, குருசாமி சாம்பசிவன் கையால் மாலை போட்டுக்கொள்வார். சாம்பசிவன் எங்கள் தெருக் கடைசி வீடு. தபால் ஆபீஸில் வேலை. பதினெட்டு தடவை மலை ஏறியவர். மாலை விழுந்த நிமிஷத்திலிருந்து பொன்னுரங்கம் ஆளே மாறிவிடுவார். விடிவதற்கு முன் பச்சைத்தண்ணீர்க் குளியல், தரையில் படுக்கை, ஒரு வேளைச் சாப்பாடு. ஒயின் ஷாப் வாசல் வழியாகவே நடந்து வருவார், திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். கடைக்காரனே உள்ளேயிருந்து "சாமி சரணம்" என்று கும்பிடுவானாம். இரண்டு மாசம் கனகவல்லி முகத்தில் சதை பிடிக்கும்.

அப்புறம் மலைக்குப் போய்த் திரும்பி வருவார். குருசாமி மாலையைக் கழற்றுவார். அத்தோடு சரி. முதல் வருஷம் கழற்றிய மறுநாள் குடித்தார். இரண்டாம் வருஷம் அன்று மாலையே. அதற்கடுத்த வருஷம், பிரசாத நெய் இன்னும் எங்களுக்கெல்லாம் பங்கு வந்து சேரவில்லை, ஆள் கம்பத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் கடிகாரம் பார்க்கத் தெரிந்தவர்கள் அதிகம். ஐந்து வருஷமும் இதே கதை.

ஆறாவது வருஷம்தான் புதுக் கதை. மலையிலிருந்து வந்து மற்றவர்கள் எல்லாரும் வரிசையாகக் கழுத்தைக் குனிந்து மாலையைக் கழற்றிக்கொண்டபோது, பொன்னுரங்கம் மட்டும், "இன்னிக்கு நாள் சரியில்ல சாமி, நாளைக்கு" என்றார். மறுநாள் தலைவலி என்றார். அதற்கு அடுத்த நாள் பட்டறையில் ஓவர்டைம். தை முழுக்க இப்படி ஓடிற்று. மாசியில் எல்லாரும் கேட்பதை விட்டுவிட்டோம். பங்குனியில் கேம்ப் ரோட்டுத் தார் இளகி, செருப்பு போட்ட காலையே சுட்டது. அவர் வெறுங்காலோடு நடந்து பாதமெல்லாம் கொப்புளம். பட்டறையில் லேத்தில் மாலை சிக்கிவிடும் என்று முதலாளி பயந்து திட்டியிருக்கிறார். சட்டைக்குள் போட்டு மேலே ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலை செய்தாராம்.

வேண்டுதல் என்றார்கள் சிலர். தலை கிறுகிறுத்துவிட்டது என்றார்கள் சிலர். பக்கத்து வீட்டு டீச்சர் ஞானம்மாள் மட்டும்தான் சரியாகச் சொன்னாள். அவள் தவக்காலம் நாற்பது நாளும் காபியைத் தொடமாட்டாள். ஈஸ்டர் அன்று காலையில் மூன்று டம்ளர் குடிப்பாள். "நாப்பது நாள்னு தெரிஞ்சா எதையும் தாங்கிடலாம் அக்கா. எத்தனை நாள்னு தெரியலைன்னாதான் கஷ்டம். பாவம், அந்தாளு அந்தக் கடைசி நாளைக் கண்டு பயப்படறாரு" என்றாள்.

சண்டை நடந்த அன்று சாயங்காலம் கனகவல்லி போய் சாம்பசிவனைக் கையோடு அழைத்து வந்தாள். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர், ஒற்றைக்கல் சுவர். மேலே ஓட்டுக்கும் சுவருக்கும் இடையே ஒரு முழம் இடைவெளி. காதைப் பொத்திக்கொண்டால்தான் கேட்காது.

"என்ன சாமி, இன்னிக்காவது முடிச்சிடலாமா? நானே தேங்காய் கொண்டாந்திருக்கேன்" என்றார் சாம்பசிவன்.

"வேணாம் சாமி."

"ஏன்னு சொல்லுங்க. மாலைன்றது மலைக்குப் போறதுக்கு. போயாச்சு, வந்தாச்சு. இதுக்கு மேல போட்டுக்கிட்டிருந்தா அதுக்குப் பேரு விரதம் இல்ல."

பிறகு பொன்னுரங்கத்தின் குரல் கேட்டது. அந்தக் குரலில் அவர் குடிக்காமல் பேசி நான் கேட்டதில்லை.

"இத்தினி மாசம் குடிக்காம இருந்தது நான் இல்ல சாமி. இந்த மணிதான். இத எடுத்துட்டா கீழ நிக்கறவன் பழைய பொன்னுதான். அவன எனக்கு நல்லாத் தெரியும். அவன்கிட்ட எந்தப் பேச்சும் எடுபடாது."

"அப்படில்லாம் சொல்லக்கூடாது. மனசுல உறுதி வேணும்."

"அது எங்க கீது சாமி? நீங்க காட்டுங்க, நான் எடுத்துக்கறேன்."

குருசாமி எதைக் காட்டுவார்! விரதத்தில் மூக்குப்பொடியை விட்டுவிட்டு, மலையிறங்கிப் பம்பைக்கு வந்ததும் முதல் வேலையாகப் பொடி மட்டையைத் தேடுகிறவர் அவர். அன்றும் பேச்சுக்கு நடுவே இரண்டு தும்மல் கேட்டது.

"நீங்க கழுத்தைக் குனிஞ்சாதான் நான் கழட்ட முடியும். குனிய மாட்டேன்னா நான் என்ன பண்றது, சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத் தேங்காயை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் பஸ் ஸ்டாப்பில் கனகவல்லி என் பக்கத்தில் நின்றாள். நானாக ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தால் சீக்கிரம் சொல்லிவிடுவார்கள்.

"குடிச்சப்பவாவது என்னாண்ட அழுதுகினு இருந்தாருக்கா. இப்ப சாமி மாரி பாக்கறாரு. சாமி எப்டிப் பாக்கும்? நம்மளத் தாண்டித்தான் பாக்கும். ஆறு மாசமாச்சு, என் சோத்தத் தொட்டு. வாசல் ரூம்புல அவரே பொங்கித் துன்றாரு. நான் உள் ரூம்புல துன்றேன். நடுவுல ஒரு கதவு. எனக்கு முப்பத்தஞ்சு வயசாவுது."

"குடிக்காம இருக்கார்ல, அது பெரிசில்லையா?" என்றேன்.

"பாட்டிலாண்ட இருந்தப்பவும் நான் வெளியத்தான் நின்னேன். மாலையாண்ட இருக்கறப்பவும் வெளியத்தான் நிக்கறேன்" என்றாள். பஸ் வந்துவிட்டது.

அந்த வாரக் கடைசியிலேயே ஒரு பெட்டியும் ஒரு ஒயர் கூடையுமாக ஊரப்பாக்கத்தில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது அவரிடம் ஒன்றுதான் சொன்னாள், தெருவே கேட்கும்படி: "மாலை கழட்டிட்டு, குடிக்காம, எம் புருசனா வந்து கூப்டு. வரேன். இந்த மூணுல ஒண்ணு கொறஞ்சாலும் வராத."

அவர் வாசற்படியில் நின்று, "சாமி சரணம்" என்றார். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை போலிருக்கிறது.

அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து வந்த சத்தத்தை நான் யாரிடமும் சொல்லிச் சிரிக்கவில்லை. எனக்கே ஆச்சரியம்தான். சரணம் சொல்வதற்கு இரண்டு பக்கம் வேண்டும். ஒருவர் "சாமியே" என்று எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் "சரணம் ஐயப்பா" என்று திருப்பிச் சொல்லவேண்டும். சீசனில் பத்துப் பேர் இருப்பார்கள். இப்போது விடிகாலையில் பொன்னுரங்கம் தனியாக உட்கார்ந்து, கொஞ்சம் உரக்க "சாமியே" என்பார். ஒரு மூச்சு நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு தானே "சரணம் ஐயப்பா" என்பார். நூற்றெட்டும் அப்படித்தான். எடுத்துக் கொடுப்பவரும் அவரே, பதில் சொல்பவரும் அவரே. சில நாள் நடுவில் பதில் வராது. நான் பாதி வாசல் தெளித்தபடி நின்றுவிடுவேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே அடுத்ததை எடுத்துக் கொடுப்பார்.

அவரோடு குடித்தவர்கள் மாலைக்குப் பயந்து எதிர்ப்பக்கமாக நடந்தார்கள். அவரோடு மலைக்குப் போனவர்கள் கேள்விக்குப் பயந்து எதிர்ப்பக்கமாக நடந்தார்கள். யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒருநாள் ரசம் கொடுத்தனுப்பினேன். வெளிச்சமையல் சாப்பிடக்கூடாது என்று கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். அவரை யாரும் தொடக்கூடாது, அவரும் யாரையும் தொடக்கூடாது. அப்படி ஒரு சட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். பாதுகாப்பான இடம்தான். வெளியே வரும் வழிதான் இல்லை.

வழியை அந்தச் சட்டமே காட்டிற்று.

வைகாசி பிறந்து பத்து நாள் இருக்கும். காலை ஏழு மணிக்கு சைக்கிளில் ஒருவர் வந்து பொன்னுரங்கம் வீட்டு வாசலில் இறங்கினார். "வண்டலூர் ரத்தினம் பூட்டாருப்பா. பல் வெளக்கிகினு இருந்தாரு, அப்டியே குந்திட்டாரு." ரத்தினம் என்பவர் பொன்னுரங்கத்தின் பெரியப்பா மகன். மிருகக்காட்சிசாலையில் தோட்ட வேலை. பங்காளி. பங்காளி சாவு என்றால் தீட்டு. தீட்டு என்றால் மாலை கழுத்தில் இருக்கக்கூடாது. மனசுக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று அதில் கேள்வியே கிடையாது.

சைக்கிள்காரர் போன பிறகும் பொன்னுரங்கம் வாசலிலேயே நின்றார். பிறகு யாரையும் பார்க்காமல் நேரே தெருக் கடைசிக்கு நடந்து, சாம்பசிவன் வீட்டு வாசலில் நின்று கழுத்தைக் குனிந்தார். சாம்பசிவன் அப்போதுதான் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு வந்து, தீட்டுக்காரரைத் தொடலாமா கூடாதா என்று ஒரு வினாடி தயங்கி, பிறகு இரண்டு கையாலும் மாலையை எடுத்துவிட்டார். தேங்காயும் இல்லை, கற்பூரமும் இல்லை. நாலு மாசமாகத் தெருவே காத்திருந்த காரியம் இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. மாலை கிடந்த இடத்தில் கழுத்தைச் சுற்றி வெளிறிப்போன ஒரு கோடு தெரிந்தது.

சாவு வீடு என்றால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். மோளம் வரும், பூ வரும், பின்பக்கம் சாராயம் வரும். மாலை இறங்கிய அதே நாள், குடி இல்லாமல் நடக்காத இடத்துக்கு, தனியாகப் போகவேண்டும். கனகவல்லிக்கும் அது மூத்தார் முறைச் சாவு, ஊரப்பாக்கத்திலிருந்து வண்டலூர் பக்கம்தான், அவளும் வந்திருப்பாள். அந்த மூன்று நிபந்தனையும் அங்கே அவள் கண்ணெதிரே சோதனைக்கு வருகிறது.

ரத்தினத்தை எனக்கு ஒரே ஒரு தடவை யாருடைய கல்யாணத்திலோ பார்த்த பழக்கம். இருந்தாலும் துக்கம் விசாரிப்பது மனிதத்தன்மை. ஞானம்மாளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பள்ளிக்கூடம் லீவு.

ஒரே பஸ்தான். பொன்னுரங்கம் படி ஓரம் நின்றார். "உள்ள போய்யா, படியில நிக்காத" என்றார் கண்டக்டர். அவர் நகரவில்லை, தன்னைச் சொல்கிறார்கள் என்று அவருக்கு உறைக்கவில்லை. தாம்பரத்தில் அந்தக் கடையைத் தாண்டி பஸ் திரும்பும்போது அவர் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. ஒன்றுமில்லாத இடத்தைத் தடவிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

வண்டலூரில், நான் சொன்னபடிதான். முன்னால் பந்தல், பிணத்தைச் சுற்றிப் பெண்கள். பின்னால் கீற்று மறைப்புக்குப் பின்னே ஆண்கள். பொன்னுரங்கம் போய் அண்ணன் காலைத் தொட்டு அழுதுவிட்டு எழுந்தவுடனே, மறைப்பிலிருந்து ஒருவன் தலையை நீட்டினான்.

"மச்சான், மாலைதான் எறங்கிடுச்சே. வா இப்டி."

"வரல."

"இன்னா மச்சான், அண்ணன் சாவுக்குக் கூடவா? நாளைக்கி மறுபடியும் சாமியாயிக்க. இன்னிக்கி வா."

பொன்னுரங்கம் அங்கேயும் இங்கேயும் பார்த்தார். நான் பார்த்தேன், அவர் கால் அந்தப் பக்கம்தான் திரும்பியிருந்தது. ஒரு அடி வைத்தும்விட்டார். அப்புறம் சட்டென்று திரும்பி வந்து, ஒப்பாரி வைக்கிற பெண்களுக்கு நடுவில், எந்த ஆம்பிளையும் உட்காராத இடத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒப்பாரி அரை நிமிஷம் நின்றுவிட்டது. ஒரு கிழவி நகர்ந்து இடம் கொடுத்தாள். மறைப்பிலிருந்து சிரிப்பு வந்தது.

"இன்னாடா பொன்னு, பொடவ வேணுமா? மார்ல அடிச்சிகினு பாடு, கேப்போம்."

அவர் தலையைத் தூக்கவில்லை. அங்கேதான் பாட்டில் வராது. அது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. மன உறுதி என்று புத்தகத்தில் போடுகிற படம் மாதிரி அது இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு யாரும் நிற்கவில்லை. தாடியும் மீசையுமாக ஒரு டர்னர், மூக்கைச் சிந்துகிற பெண்களுக்கு நடுவே, ஒளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஞானம்மாள் என் தொடையில் கிள்ளினாள்.

கனகவல்லி இரண்டு கை தள்ளி உட்கார்ந்திருந்தாள். அவர் பக்கம் திரும்பவே இல்லை. மணி பத்து, பதினொன்று, பன்னிரண்டு. ஒரு தடவை மட்டும், ஒரு சொம்புத் தண்ணீரைத் தரையோடு தள்ளி அவர் பக்கம் வைத்தாள். அவர் அண்ணாந்து குடித்தார். தாடியெல்லாம் தண்ணீர்.

இரண்டு மணிக்குத் தூக்கினார்கள். பங்காளி தோள் கொடுக்கவேண்டும். சுடுகாட்டுக்குப் பெண்கள் போகக்கூடாது. எழுந்து நின்றவர் முதல் தடவையாக அவளைப் பார்த்தார்.

"அங்க நான் வர முடியாது" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"தெரியும்" என்றார்.

பாடை தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். மோளத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டு போனவர்கள் கையிலெல்லாம் கிளாஸ். அவர் தோளில் மூங்கில்.

நாங்கள் கிளம்பியிருக்கவேண்டும். வீடு கழுவியாயிற்று, துக்கத்துக்கு வந்த வெளியாட்கள் எல்லாரும் போய்விட்டார்கள். ஞானம்மாள் மூன்று தடவை "போலாம் அக்கா" என்றாள். "கால் வலிக்கிறது, கொஞ்சம் இரு" என்றேன். கனகவல்லி வேப்பமரத்தடியில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். வெயில் சாயும் நேரத்துக்கு ஆண்கள் கிணற்றில் குளித்து, ஈரத்துணியோடு கும்பல் கும்பலாக வந்தார்கள். ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி, உளறியபடி. பொன்னுரங்கம் கடைசியில், தனியாக வந்தார். நேராகத்தான் நடந்தார். ஆனால் நேராக நடப்பதற்கு ரொம்பக் கவனமெடுத்துக்கொள்கிறவர் மாதிரி நடந்தார்.

அவள் எழுந்து நின்றாள். நானாக இருந்தால் வாயை ஊதச் சொல்லியிருப்பேன். அவள் கிட்டப்போகவும் இல்லை, மோந்து பார்க்கவும் இல்லை. சும்மா நின்றாள். அவராகவே சொன்னார்.

"ஒரு மொடக்கு குடிச்சிட்டேன்."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"கொள்ளி வெச்சதும் கையில குடுத்துட்டானுங்க. வாயில ஊத்திக்கினேன். அப்பறந்தான் நெனப்பு வந்து துப்பினேன். பாதி துப்பினேன். பாதி உள்ள பூட்சு. கிளாஸ கீழ வெச்சிட்டு வந்துட்டேன்." ஒரு விரலை மடக்கி, "மூணுல ஒண்ணு கொறஞ்சிடுச்சு" என்றார்.

குடித்துவிட்டுக் கம்பத்திடம் ஆயிரம் தடவை ஒப்புக்கொண்டவர். தெளிவாக இருக்கும்போது, அவள் முகத்தைப் பார்த்து, கேட்காமலேயே ஒன்றை ஒப்புக்கொண்டது அன்றுதான். சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவளை அன்றைக்கே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். எனக்குத் தெரிந்த ஆண்களில் பத்துக்கு ஒன்பது பேர் அதைத்தான் செய்திருப்பார்கள்.

கனகவல்லி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "நான் அண்ணன் வூட்டுக்குத்தான் போறேன். நீ சேலையூர் போ. வழியில கடை கீது. நான் பின்னால வந்து பாத்துகினு இருக்க மாட்டேன்."

"சரி."

"சரணம்னு சொல்லலியா?"

"மாலை இல்லியே" என்றார்.

அவள் ஊரப்பாக்கம் போகிற பஸ்ஸில் ஏறினாள். அவர் எங்களோடு தாம்பரம் பஸ்ஸில் ஏறி, கண் மூடி உட்கார்ந்து, வீடு வந்து, கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் விடிகாலைச் சத்தம் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம்கூட இல்லாமல், ஒரு ஆள் இருக்கிற வீடு இவ்வளவு அமைதியாக இருக்குமா என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தாடியை எடுத்துவிட்டார். முகம் சின்னதாகிவிட்டது. சாமி என்று கூப்பிட முடியாது, பொன்னு என்று கூப்பிட நாக்கு வரவில்லை. ஆகவே தெருவில் யாரும் அவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. பட்டறையிலிருந்து வரும்போது தாம்பரம் வரை வராமல் சானடோரியத்திலேயே ரயிலைவிட்டு இறங்கி, உள்தெருக்கள் வழியாக நடந்தே வந்தார். ஒரு மணி நேர நடை. மழையிலும் அதே நடை. கடையைத் தாண்டும் தைரியம் இல்லை. கடை இல்லாத வழியைக் கண்டுபிடிக்கும் புத்தி இருந்தது.

அப்படியும் இரண்டு தடவை குடித்தார். ஒன்று ஆடியில், ஒன்று தீபாவளிக்கு மறுநாள். தேதி வேண்டுமானாலும் சொல்வேன். கம்பத்துப் பக்கம் போகவில்லை. இரண்டு தடவையும் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஊரப்பாக்கம் போய், அவள் அண்ணன் வீட்டு வாசலில் நின்று, "நேத்து குடிச்சிட்டேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டு, அப்படியே வேலைக்குப் போனாராம். அவள் அண்ணி ஒரு தடவை சேலையூர் வந்தபோது தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். இதைச் சொல்ல ஒரு ஆள் பஸ் பிடித்து வருவானா என்று அவளுக்கு அதிசயம்.

கார்த்திகை வந்தது. தெருவில் பதினோரு பேர் மாலை போட்டார்கள். பொன்னுரங்கம்தான் முதல் ஆளாக வந்து நிற்பார் என்று சாம்பசிவன் ஒரு மாலை அதிகமாகவே வாங்கி வைத்திருந்தார். வாசலில் பார்த்து நேராகவே கேட்டார்.

"இந்த வருஷம் வேணாம் சாமி" என்றார் இவர்.

"ஏன்? ரெண்டு மாசம் நிம்மதியா இருக்கலாம்ல?"

"அதான் வேணாம்ன்றேன். இல்லாம முடியுதான்னு பாக்கறேன். அடுத்த வருசம் முடிஞ்சா, சும்மா சாமி கும்புட வரேன்."

சாம்பசிவன் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்து, விரதம் என்று நினைவு வந்து, மூடிவிட்டார். அந்த இரண்டு மாசமும் விடிகாலையில் தெரு முழுக்கச் சரணம் கேட்டது, ஒரு குரல் எடுத்துக் கொடுக்க, பத்துக் குரல் பதில் சொல்ல. பொன்னுரங்கம் வீட்டில் ஸ்டவ் பற்றவைக்கிற சத்தம் மட்டும்.

கனகவல்லி திரும்பி வந்ததை நான் பார்க்கவில்லை. இதை எழுதக் கை கூசுகிறது. எட்டு மாசம் காத்திருந்து, தொண்ணூறாம் வருஷம் தை மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் பாமாயிலுக்கு ரேஷன் வரிசையில் நின்ற மூன்று மணி நேரத்தில் அவள் பெட்டியும் கூடையுமாக வந்து இறங்கிவிட்டாள். அவர் போய்க் கூட்டி வந்தாரா, அவளாக வந்தாளா, வாசலில் என்ன பேசிக்கொண்டார்கள், ஒன்றும் தெரியாது. ஞானம்மாள் பார்த்திருக்கிறாள், கேட்டால், "துணி காயப்போட்டுட்டிருந்தேன் அக்கா, கவனிக்கலை" என்கிறாள். பொய்.

மறுநாள் அடிபம்பில் பிடித்துக்கொண்டேன். "எத்தனை நாளா தொடலையாம்?"

"அத எண்றது உங்க வேலதானேக்கா" என்றாள் கனகவல்லி. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் எண்ணவில்லை. எண்ணினாலும் சொல்லமாட்டேன்.

தொண்ணூற்றொன்றில் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊரப்பாக்கத்துக்கே போய்விட்டார்கள். பட்டறைக்குப் போகத் தாம்பரத்தைத் தாண்டித்தான் ஆகவேண்டும் அங்கிருந்து, தெரிந்தேதான் போனார். சாம்பசிவனின் பெண் நாகலக்ஷ்மிக்கு ஓசூரில் வரன் அமைந்து கல்யாணமாயிற்று; பெண்ணோடு அவரும் கிளம்பிவிட்டார். இப்போது தெருவுக்குக் குருசாமி இல்லை. ஞானம்மாளுக்கு செங்கல்பட்டுக்கு மாற்றல் வந்தது. வண்டலூர் ரத்தினத்தின் சம்சாரம் மகளோடு பெங்களூர் போய்விட்டதாகக் கேள்வி. பொன்னுரங்கம் இருந்த வீட்டுக்கு ஒரு பாங்க் கிளார்க் குடிவந்திருக்கிறார், ஸ்ரீநிவாசன் என்று பேர்; புருஷனும் பெண்டாட்டியும் உரக்கப் பேசிக்கொள்வதே இல்லை. வந்த மாசமே ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள்.